ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொல்லு, பார்க்கலாம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குச் செய்யும் கண் பரிசோதனை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் கண் மருத்துவர் அல்ல, பார்வையை அளந்து கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரிஸ்ட். 23 வருடமாக ஒரு படச்சட்டத்தையும் (பார்வையை அளக்க, சின்னப் படங்களை வரிவரியாக அச்சிட்ட பலகை), தூரம் அளக்க 3 மீட்டர் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

*

என் மகனுக்கு 4 வயது. மழலையர் வகுப்பில் கண் பரிசோதனை செய்யப்போவதாகச் சொல்லிச் சம்மதக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு எழுத்தே இன்னும் முழுசாகத் தெரியாது. ஆனால் தரையில் ஊரும் சின்ன எறும்பைக் கூட எனக்குக் காட்டுகிறான். இந்த வயதில் இதெல்லாம் தேவையா?
– ஒரு தாய்

கையெழுத்துப் போட்டு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த எறும்புக் கதையை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

எறும்பைக் காட்டும்போது அவன் இரண்டு கண்ணாலும் பார்க்கிறான். ஒரு கண் நன்றாக இருந்தாலே போதும், எறும்பு தெரியும், பந்தைப் பிடிப்பான், ஓடுவான், படியிறங்குவான். இன்னொரு கண் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்பது வெளியே தெரியவே தெரியாது. அவனும் சொல்லமாட்டான். மறைப்பதற்காக அல்ல. உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் வேறொன்று கிடையாது.

என் தம்பிக்கு 16 வயதில்தான் இது தெரிந்தது. விளையாடும்போது இடது கண்ணில் கல் தெறித்து, கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னிடம் மெதுவாக, "அக்கா, வாசல்ல யாரு நிக்கிறது?" என்றான். நின்றது அப்பா. வலது கண் திறந்துதான் இருந்தது. அதில் பிறந்ததிலிருந்தே நிறைய பவர் இருந்திருக்கிறது. பள்ளியில் வருடா வருடம் எழுத்து அட்டையைப் படித்து, வருடா வருடம் 'பார்வை சரி' என்று எழுதி வாங்கி வந்தவன்தான். ஒரு முறைகூட யாரும் அவனுடைய ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்த தவறு. இடது கண் ஆறிவிட்டது. வலது கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, இடதை மறைத்துப் பழக்கியும், அந்த வயதில் சட்டத்தில் இரண்டு வரிதான் கூடுதலாகப் படிக்க முடிந்தது. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அவன்தான் காரணம்.

இதற்குப் பெயர் சோம்பேறிக் கண். எனக்கு இந்தப் பெயர் பிடிக்காது, ஏனென்றால் கண்ணும் சோம்பவில்லை, குழந்தையும் சோம்பவில்லை. ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் இன்னொரு கண்ணிலிருந்து மங்கலான படமும் போனால், மூளை மங்கலானதை ஒதுக்கிவைத்து, தெளிவானதை வைத்தே வளர்ந்துவிடுகிறது. டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைச் சில காலம் மூடிவைத்துப் பார்த்தார்கள். பிறகு திறந்தபோது கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மூளையின் பார்வைப் பகுதியிலிருந்த செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் தருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடினால் அப்படி ஆகவில்லை. பார்வை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குழந்தைகளுக்கும் அதே கணக்குத்தான். முதல் 7 வருடங்கள் பொன்னான காலம். அதற்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலும் கண்ணாடியும், தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடிவைக்க ஒரு கண்மறைப்பும் போதும். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 2 முதல் 4 பேருக்கு இது இருக்கிறது. அதாவது ஒரு வகுப்புக்கு ஒரு குழந்தை இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எழுத்துத் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். நான் கொண்டுபோவது படச்சட்டம். ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று நான்கே படங்கள். பின்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் லியா ஹிவாரினன் 1970-களில் உருவாக்கியது. அதில் ஓர் அழகு உண்டு: அளவு சிறியதாகி மங்கத் தொடங்கியதும் நான்கும் ஒரே மாதிரி உருண்டையாகத் தெரியும். குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் மகன் ஆப்பிளை 'இதயம்' என்று சொல்லலாம், வீட்டை 'அம்பு' என்று சொல்லலாம், எனக்குக் கவலையில்லை. எப்போதும் அதையே சொன்னால் போதும். வாய் திறக்காத குழந்தை என்றால் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, "நான் காட்டுறது உன் அட்டைல எங்க இருக்கு, தொடு" என்போம்.

ஒரு உதவி செய்யுங்கள். இந்த நான்கு படங்களையும் தாளில் வரைந்து, இரண்டு நாள் அவனோடு விளையாடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் விளையாடுங்கள். அப்புறம் பரிசோதனை அன்று அவனுக்குப் பயமே இருக்காது. விளையாடும்போது, ஒரு கண்ணை மூடினால் மட்டும் அவன் சிணுங்கினாலோ கையைத் தட்டிவிட்டாலோ, இன்னொரு கண்ணை மூடினால் சும்மா இருந்தாலோ, பள்ளிப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள். நல்ல கண்ணை மூடினால்தான் குழந்தை எதிர்க்கும்.

*

எங்கள் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு நானும் இன்னொரு ஆசிரியையும் பார்வைப் பரிசோதனை செய்ய வேண்டும். அரை நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எங்கே தவறு வரும் என்று உங்கள் அனுபவத்தில் சொல்ல முடியுமா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை

சந்தோஷமாகச் சொல்கிறேன், டீச்சர். குழந்தையை தினமும் பார்க்கிறவர் நீங்கள். ஒரு நாள் வந்துபோகும் என்னைவிட உங்களிடம் அது இயல்பாக இருக்கும்.

தவறு பெரும்பாலும் கண்ணை மூடுவதில்தான் வரும். குழந்தையின் கையாலேயே மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகப் பார்க்கும். ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். தெரியாத கண்ணால் பார்க்கச் சொன்னால், எப்படியாவது தெரிகிற கண்ணைக் கொண்டுவரத்தான் உடம்பு முயலும். தலையை ஒரு பக்கம் திருப்பும், மூக்கின் ஓரமாக எட்டிப்பார்க்கும். ஒரு முறை ஒரு பெண் குழந்தை வலது கண்ணில் எல்லா வரியும் சொன்னாள், இடதிலும் சொன்னாள். ஆனால் இடதுக்கு வந்தபோது மட்டும் தாடை கொஞ்சம் தூக்கியிருந்தது. மூடியிருந்த அட்டையின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான். ஒட்டும் நாடாவால் மூடிவிட்டுத் திரும்பக் கேட்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து சின்னக் குழந்தைகளுக்கு நான் அட்டையை நம்புவதில்லை. ஒட்டும் மறைப்பு, இல்லாவிட்டால் ஒரு கண் முழுக்க மறைத்த விளையாட்டுக் கண்ணாடி. உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடவும் கூடாது, கையை எடுத்ததும் கொஞ்ச நேரம் அந்தக் கண் மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்தது வரிசை. காத்திருக்கிற குழந்தைகள் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால், பத்தாவது குழந்தை வருவதற்குள் வகுப்பே அதை மனப்பாடம் செய்திருக்கும். சட்டம் வரிசையின் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது கண்ணுக்கு வரும்போது வரியைப் பின்னாலிருந்து கேளுங்கள், அல்லது வேறு சட்டத்தைக் காட்டுங்கள்.

தூரம் சரியாக இருக்க வேண்டும். படச்சட்டங்கள் பெரும்பாலும் 3 மீட்டருக்கு, பெரியவர்களின் எழுத்துச் சட்டம் பெரும்பாலும் 6 மீட்டருக்கு. சட்டத்திலேயே அச்சிட்டிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, குதிகாலைக் கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் அரை அடி அரை அடியாக முன்னால் நகர்ந்துவிடுவார்கள். நான் தரையில் இரண்டு பாதம் வரைந்துவைப்பேன், அதில் நிற்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. சட்டத்தின் மேல் வெளிச்சம் சீராக விழ வேண்டும், ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

இன்னொன்று, இது பயிற்சியில் பலசமயம் விட்டுப்போகும். குழந்தைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மற்றப் படங்களை மறைத்து ஒரே ஒரு படத்தைத் தனியாகக் காட்டாதீர்கள். சோம்பேறிக் கண்ணுக்குத் தனியாக நிற்கும் படம் நன்றாகத் தெரியும், நெருக்கமாக வரிசையில் நின்றால் குழம்பும். தனித்தனியாகக் காட்டினால் நாம் தேடி வந்த குழந்தையே தேறிப்போய்விடும். வரியை அப்படியே வைத்து, படத்தின் அடியில் குச்சியால் சுட்டினால் போதும்.

அளவு என்ன என்றும் கேட்பீர்கள். உங்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில் இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். பொதுவாக 4 வயதில் ஒவ்வொரு கண்ணும் 6/12 வரியைச் சொல்ல வேண்டும், 5 வயது தாண்டியபின் ஏறக்குறைய 6/9. 6/12 என்றால், பார்வை சரியாக உள்ளவர் 12 மீட்டரிலிருந்து பார்ப்பதை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்துதான் பார்க்கிறது. நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் கொண்டுவந்த கணக்கு இது, இன்னும் அதுதான் ஓடுகிறது. ஆனால் இந்த எண்ணை விட எனக்கு முக்கியம் இன்னொன்று: இரண்டு கண்ணுக்கும் நடுவில் இரண்டு வரி வித்தியாசம் வந்தால், இரண்டுமே தேறியிருந்தாலும் அனுப்பிவையுங்கள். என் தம்பி மாதிரிக் குழந்தைகள் அந்த வித்தியாசத்தில்தான் அகப்படுவார்கள்.

ஒத்துழைக்காத குழந்தையைத் 'தேறியது' பக்கம் எழுதிவிடாதீர்கள். இன்னொரு நாள் பாருங்கள், அப்போதும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பரிசோதனைக்கு உட்பட மறுக்கும் குழந்தைகளிடம் பார்வைக் குறை இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்புறம், படத்தைத் தவறாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். "சரி, அடுத்தது" போதும்.

*

என் மகளுக்கு 7 வயது. பள்ளிப் பரிசோதனையில் இரண்டு கண்ணும் 6/6. ஆனால் புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் கண்ணைக் கசக்குகிறாள், தலை வலிக்கிறது என்கிறாள். படிக்காமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று திட்டியும் பார்த்துவிட்டேன்.
– ஒரு தந்தை

திட்டுவதை நிறுத்திவிட்டு, ஐயா, ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் செய்வது சல்லடை. தூரத்தில் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும். தூரப்பார்வை என்கிற பிளஸ் பவர் இருக்கிற குழந்தை அந்தச் சல்லடையில் நழுவிவிடும். சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அவ்வளவு மென்மையானது. உள்ளே ஒரு தசை சுருங்கினால் லென்ஸ் குவிந்து, இருக்கிற பிளஸ் பவரைத் தானே ஈடுகட்டிவிடும். அதனால் 6/6 படிப்பாள். ஆனால் அந்தத் தசைக்கு ஓய்வே கிடையாது. தூரத்துக்கே உழைக்கிறது, புத்தகத்துக்கு இன்னும் இரண்டு மடங்கு உழைக்கிறது. பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடுகிறது. சொட்டு மருந்து அந்தத் தசையைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்கும், அப்போதுதான் ஒளித்துவைத்த பவர் வெளியே வரும். அன்று முழுக்க வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கலாக இருக்கும். மருந்தைப் பொறுத்து மறுநாள்வரைகூட நீடிக்கலாம், பயப்பட வேண்டாம்.

பவர் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் தேடலை விட்டுவிடாதீர்கள். இரண்டு கண்ணும் கிட்டத்தில் சேர்ந்து குவிவதில் சிக்கல் இருக்கலாம், அல்லது எழுத்தைப் புரிந்துகொள்வதிலேயே வேறு கஷ்டம் இருக்கலாம். அதற்கு வேறு நிபுணர்கள் இருக்கிறார்கள். 7 வயதுக் குழந்தை தலைவலி என்றால் தலைவலிதான்.

*

பேத்தியைக் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது, மருத்துவர் மைனஸ் 1.5 பவர் என்று கண்ணாடி எழுதினார். இவ்வளவு சின்ன வயதில் போட்டால் பழகிப்போய்ப் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள். கொஞ்சம் குறைத்து எழுதி வாங்கலாமா? நல்ல சத்தான சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா?
– ஒரு பாட்டி

வணக்கம் அம்மா. பேத்தி மேல் உள்ள அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். கண்ணாடி பவரை ஏற்றுவதில்லை. கண் நீளமாக வளர்வதால் மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வை, ஏறுகிறது. பிறக்கும்போது கண்ணின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 23, 24. தேவைக்கு மேல் 1 மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய 2.5 பவர் வந்துவிடும். பிள்ளை உயரமாக வளரும் வருடங்களில் கண்ணும் வளரும், அதே வருடங்களில்தான் கண்ணாடியும் போட்டிருப்பாள். அதனால் கண்ணாடி மேல் பழி விழுகிறது. குறைத்து எழுதினால் நல்லது என்ற எண்ணத்தை மலேசியாவில் சோதித்துப் பார்த்தார்கள், 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைவான பவர் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது. எழுதிய பவரையே போடுங்கள்.

சாப்பாடு முக்கியம்தான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழியே கெட்டுப்போகும். ஆனால் நீண்டுவிட்ட கண்ணைச் சாப்பாடு சுருக்காது.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு இருக்கிறது. தினமும் அவளை வெளியே, வெட்டவெளிக்குக் கூட்டிப்போங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 3 வருடம் கழித்து, வெளியே போன பிள்ளைகளில் 30 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015-இல் வெளியான முடிவு இது. உங்கள் பேத்திக்குப் பவர் ஏற்கெனவே வந்துவிட்டது, ஆனாலும் வெளிச்சத்தில் விளையாடுவது நல்லதே. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள்.

*

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு லேசாக மாறுகண் தெரிகிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். பள்ளிக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாமா?
– இளம் தாய்

வேண்டாம், இந்த வாரமே போங்கள். முதல் நான்கு மாதம் கண் அவ்வப்போது விலகுவது சகஜம். அதற்கு மேலும் விலகினால் காட்டியே ஆக வேண்டும். மூக்கு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு, அதைப் பார்த்துச் சொல்வது மருத்துவர் வேலை. கூடவே குழந்தையின் போட்டோக்களைப் பாருங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாத காரணமாக இருக்கும், ஆனால் கண்புரையோ கண்ணுக்குள் கட்டியோ கூட அப்படித் தெரியும்.

*

எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு 31 குழந்தைகளுக்குச் சீட்டுக் கொடுத்தோம். விசாரித்தால் 9 பேர்தான் மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?
– தலைமை ஆசிரியர்

விசாரித்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஐயா. பல இடங்களில் பரிசோதனை முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். ஒரு பள்ளியில் நான் திரும்பப் போனபோது, போன வருடம் நானே எழுதிய சீட்டு ஒரு பையன் பைக்குள் நாலாக மடித்தபடி கிடந்தது. அவன் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. சீட்டு என்றால் புகார் என்று நினைத்திருக்கிறான். அந்த ஒரு வருடம் அவனுடைய கண்ணுக்குத் திரும்பக் கிடைக்காது. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு, குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் போனது நான்தானே.

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறேன். சீட்டைக் குழந்தையிடம் கொடுப்பதில்லை, பெற்றவர் பள்ளிக்கு வரும்போது கையில் கொடுத்து, குழந்தை எந்த வரிவரை படித்தது என்று சட்டத்தில் காட்டுகிறேன். முடிந்தால் அவர்கள் கண் முன்னாலேயே குழந்தையின் நல்ல கண்ணை மூடிப் படிக்கவைக்கிறேன். ஒரு தந்தை அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை மருத்துவமனையில் முதல் ஆளாக நின்றார். எத்தனை பக்கம் எழுதிக்கொடுத்தாலும் இது நடக்காது.

ஒரு நோட்டு போடுங்கள். பெயர், சீட்டுக் கொடுத்த தேதி, மருத்துவரிடம் போன தேதி, கண்ணாடி வந்த தேதி, இப்போது போட்டிருக்கிறதா. இந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாரும் மறப்பது. ஒரு மாதம் கழித்து நீங்களே வகுப்புக்குள் திடீரென்று போய், கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறதா, பைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் இருந்தால் திட்டாமல் ஏன் என்று கேளுங்கள். காது வலிக்கிறது, வழுக்கி விழுகிறது, ஒரு பிடி உடைந்துவிட்டது என்று சின்னச் சின்னக் காரணமாகத்தான் இருக்கும். சீனாவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வில், இலவசமாகக் கண்ணாடி கொடுத்த பள்ளிகளில் கணக்குத் தேர்வு மதிப்பெண் கூடியது தெரிந்தது. 2014-இல் வெளியானது. பெற்றவர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், மதிப்பெண் என்றால் எல்லாரும் கேட்பார்கள்.

*

5 வயது மகளுக்குச் சோம்பேறிக் கண். தினமும் 2 மணி நேரம் நல்ல கண்ணை மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டிய ஐந்தாவது நிமிடம் பிய்த்து எறிகிறாள், அழுகிறாள். எனக்கும் அழுகை வருகிறது. 2 மணி நேரம் போதுமா என்றும் சந்தேகம்.
– ஒரு தாய்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவள் அழுவது நியாயம்தான், தெரிகிற கண்ணை மூடிவிட்டு விளையாடு என்கிறோம். அது அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள்: "இந்தக் கண்ணு நல்லா வேலை செய்யுது, அதுக்கு லீவு. அந்தக் கண்ணு இப்பத்தான் கத்துக்குது."

முதலில் கண்ணாடி எழுதியிருந்தால் அதை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். கண்ணாடியே பாதி மருந்து, சில குழந்தைகளுக்கு அது மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. மறைப்பைக் கண்ணாடி மேல் ஒட்டாமல் தோலில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரமாக எட்டிப்பார்ப்பாள். முதல் வாரம் 10 நிமிடம், அப்புறம் 20 என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டு போங்கள். அந்த நேரத்துக்கென்றே அவளுக்குப் பிடித்த ஒரு வேலையை ஒதுக்கிவையுங்கள், மணி கோப்பது, வண்ணம் தீட்டுவது என்று. மற்ற நேரத்தில் அதை வெளியே எடுக்காதீர்கள். ஒரு அம்மா, பொம்மைக்கும் அப்பாவுக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் ஒட்டுவார்; சரியாக வேலை செய்தது.

2 மணி நேரம் போதும். மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒரே பலன் தந்ததை 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. மறைப்பு நடக்கவே இல்லை என்றால் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைக் கொஞ்சம் மங்கலாக்கும் வழியும் இருக்கிறது, கேளுங்கள். மருத்துவர் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்கு மட்டும் தவறாமல் போங்கள். அதிகம் மறைத்துவிட்டு நல்ல கண்ணைக் கவனிக்காமல் விட்டால் அதன் பார்வை குறையலாம். பார்வை வந்ததும் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, சிலருக்குத் திரும்பும்.

*

மகனுக்குச் சோம்பேறிக் கண் இருப்பதை 10 வயதில்தான் கண்டுபிடித்தோம். இனிமேல் பலனில்லையா?
– ஒரு தந்தை

இருக்கிறது. 7 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு மறைப்பும் சொட்டும் கொடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு இரண்டு வரியோ அதற்கு மேலோ பார்வை கூடியது. 4 வயதில் கிடைப்பது கிடைக்காமல் போகலாம், ஆனால் ஒவ்வொரு வரியும் பெறுமதிதான். உங்களை நீங்களே நொந்துகொள்ளாமல் நாளைக்கே ஆரம்பியுங்கள். விளையாடும்போது பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், இருக்கிற நல்ல கண்ணைக் காப்பாற்ற வேண்டும்.

*

நான் மூணாம் வகுப்பு படிக்கிறேன். எனக்குக் கண்ணாடி போடணும்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் கேலி பண்ணுவாங்களா?
– பெயர் வேண்டாம்

கண்ணா, முதல் இரண்டு நாள் எல்லாரும் பார்ப்பார்கள். ஒருத்தர் இரண்டு பேர் ஏதாவது சொல்லவும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் உன் டீச்சரிடம் சொல்லு, அது கோள் சொல்வது ஆகாது. மூன்றாவது நாள் அவர்களுக்கு வேறு விஷயம் வந்துவிடும்.

கண்ணாடியின் ஃபிரேமை நீயே பார்த்துத் தேர்ந்தெடு. அம்மாவுக்குப் பிடித்ததை விட உனக்குப் பிடித்ததுதான் முக்கியம், நான் சொன்னேன் என்று சொல்லு. காதுக்குப் பின்னால் வலித்தால் கடைக்குத் திரும்பப் போய் வளைத்துத் தரச் சொல்லு. துடைப்பதற்கு ஒரு மெல்லிய துணியைப் பையிலேயே வைத்துக்கொள்.

உன் வயதில் ஒரு பெண் போன மாதம் என் முன்னால் முதல் முறை கண்ணாடியைப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், அதுல மூணாவதா ஒரு முள் ஓடுது" என்றாள். இரண்டு வருடம் அந்த அறையில்தான் படித்திருக்கிறாள். நீ போட்டதும் முதலில் எதைப் பார்த்தாய் என்று எனக்கு எழுது.